நீருக்கு மேல் இரண்டு குழாய்கள்

பள்ளிக் கண்காட்சிக்காக நீங்கள் பெரிஸ்கோப் செய்திருக்கிறீர்களா? நீண்ட அட்டைப் பெட்டி ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் இரண்டு, கொஞ்சம் பசை. இவ்வளவுதான் தேவை. கண்ணாடிகளை 45 பாகைச் சாய்வில், ஒன்றுக்கொன்று இணையாக, முகம் பார்த்தபடி ஒட்டிவிட்டால் கருவி தயார். மதிற்சுவருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டு, தெருவில் போவோர் வருவோரைப் பார்க்கலாம்.

"நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதும் இதுதான்" என்று கண்காட்சிக்கு வந்தவர்களிடம் சொல்லியிருப்பீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய வேண்டுமானால், உங்கள் அட்டைப் பெரிஸ்கோப்பை இரண்டாம் உலகப்போர்க் காலத்து நீர்மூழ்கி ஒன்றுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே அது ஏன் பயன்படாது, அதைப் பயன்பட வைக்கப் பொறியியலார் எதையெல்லாம் இழக்க நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூழ்கத் தெரிந்த கப்பல்

அந்தப் போரில் ஜெர்மனி மிக அதிகமாகக் கட்டிய நீர்மூழ்கி 'ஏழு-சி' வகையைச் சேர்ந்தது. அதற்கு இரண்டு வகை இயந்திரங்கள் உண்டு. நீரின் மேல் செல்லும்போது டீசல் எஞ்சின். நீருக்குள் செல்லும்போது மின்கலங்களால் இயங்கும் மின்மோட்டார். டீசல் எரியக் காற்று வேண்டும். நீருக்குள் காற்று ஏது? ஆகவேதான் இந்த இரட்டை ஏற்பாடு.

இதன் விளைவைப் பாருங்கள். நீரின் மேல் அதன் உச்ச வேகம் மணிக்கு 17.7 கடல் மைல், அதாவது 17.7 நாட். நீருக்குள் 7.6 நாட் மட்டுமே. நீரின் மேல் 10 நாட் வேகத்தில் 8,500 கடல் மைல் போகலாம். நீருக்குள் 4 நாட் வேகத்தில் சென்றாலும் 80 கடல் மைலோடு மின்கலங்கள் தீர்ந்துவிடும். 80-ஐ 4-ஆல் வகுத்தால் 20 மணி நேரம். அதன் பிறகு மேலே வந்து, டீசலை ஓட்டி, மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்தே தீர வேண்டும்.

எனவே இதை நீருக்குள் வாழும் கப்பல் என்று சொல்வதைவிட, தேவைப்படும்போது மூழ்கத் தெரிந்த கப்பல் என்று சொல்வதே பொருந்தும். அதற்குக் கண்ணும் மூக்கும் நீருக்கு மேலேதான் இருந்தன. கண்தான் பெரிஸ்கோப். மூக்கு, பிற்பாடு வந்த ஸ்நார்க்கெல். முதலில் கண்ணைப் பார்ப்போம்.

குழாய் நீண்டால் பார்வை சுருங்கும்

உங்கள் அட்டைக் குழாய் 30 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ளது என்று கொள்வோம். கீழ் முனையில் கண் வைத்தால், மேல் முனையின் திறப்பு எவ்வளவு கோணத்தில் தெரியும்? 4-ஐ 30-ஆல் வகுத்தால் 0.133 ரேடியன், ஏறக்குறைய ஏழரைப் பாகை. தெருவைப் பார்க்க அது போதும். அதே அகலத்தில் குழாயை 120 செ.மீ. ஆக்குங்கள். காட்சிக் கோணம் 2 பாகைக்கும் கீழே போய்விடும்.

கப்பலின் உடல் நீருக்குள் மறைந்திருக்க வேண்டும். கண் மட்டும் வெளியே தெரிய வேண்டும். இதற்குக் குழாய் மிக நீளமாக இருந்தாக வேண்டும். அமெரிக்க நீர்மூழ்கிகளின் பெரிஸ்கோப் ஒன்றின் ஒளியியல் நீளம் 40 அடி, அதாவது சுமார் 12 மீட்டர். 15 செ.மீ. அகலமுள்ள 12 மீட்டர் குழாயில் வெறும் கண்ணாடிகளை மட்டும் வைத்தால் கிடைக்கும் கோணம் 0.7 பாகை. முழு நிலவின் அகலம் அரைப் பாகை என்பது உங்களுக்குத் தெரியும். நிலவைவிடச் சற்றுப் பெரிய ஒரு வட்டத்தின் வழியே கடல் முழுவதையும் துழாவிக் கப்பலைத் தேட முடியுமா?

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு லென்சுகள். குழாயின் உச்சியில், தலைகீழாகத் திருப்பிய தொலைநோக்கி போன்ற ஓர் அமைப்பு விரிந்த காட்சியைச் சுருக்கி உள்ளே அனுப்பும். அந்தப் பிம்பத்தை அடுத்தடுத்த லென்சுகள் அஞ்சல் ஓட்டக்காரர்களைப் போல ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கீழே கொண்டு வரும். கீழே உள்ள தொலைநோக்கி அதை மீண்டும் பெரிதாக்கிக் கண்ணுக்குக் காட்டும். கண்ணாடிகளுக்குப் பதிலாக முப்பட்டகங்களை வைத்தார்கள். டப்ளின் நகரில் வானியல் தொலைநோக்கிகள் செய்து வந்த ஹோவர்ட் கிரப், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக இத்தகைய பெரிஸ்கோப்புகளை வடிவமைத்தார்.

போர்க்காலக் கருவிகளில் இரண்டு உருப்பெருக்கங்கள் இருந்தன: 1.5 மடங்கு, 6 மடங்கு. ஒன்றரை மடங்கு எதற்கு என்று கேட்கலாம். குழாய்க்குள் பார்க்கும்போது பொருள்கள் உண்மையைவிடச் சிறியனவாகத் தோன்றுகின்றன. சிறிது பெருக்கிக் காட்டினால்தான் இயல்பான அளவில் இருப்பது போன்ற உணர்வு கிடைக்கும். அமெரிக்கக் கருவிகளில் 1.5 மடங்கில் 32 பாகைக் காட்சி கிடைத்தது. 6 மடங்கில் 8 பாகைதான். உருப்பெருக்கம் நான்கு மடங்கானால் காட்சிக் கோணம் நாலில் ஒன்றாகிவிடுகிறது. அதிகமாகப் பார்ப்பதா, பெரிதாகப் பார்ப்பதா? இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

ஒளி எங்கே போயிற்று?

லென்சுகள் இலவசமாக வேலை செய்வதில்லை. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியின் சுமார் 4 விழுக்காடு எதிரொளித்து வீணாகிறது. ஒரு லென்சுக்கு இரண்டு பரப்புகள். குழாயில் 30 பரப்புகள் இருப்பதாகக் கொள்வோம். 0.96-ஐ 30 முறை பெருக்கிப் பாருங்கள், 0.29 வரும். நுழைந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வந்து சேராது.

1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா, லென்சின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் படியச் செய்து இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். எண்ணெய்ப் படலத்தில் வண்ணங்களைத் தோற்றுவிக்கும் அதே குறுக்கீட்டு விளைவுதான் இங்கும் பயன்படுகிறது. ஒரு பரப்பில் இழப்பு 1 விழுக்காடாகக் குறைந்தால், 30 பரப்புகளைக் கடந்த பின்னும் 74 விழுக்காடு ஒளி எஞ்சும். இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் இன்னொரு தடை அப்படியே நின்றது.

பெரிஸ்கோப்பின் தலை நீருக்கு மேலே தெரிகிறது. தடித்த தலையானால் எதிரி பார்த்துவிடுவான். ஆகவே தாக்குதலுக்கான பெரிஸ்கோப்பின் தலையை மிக மெல்லியதாகச் செய்தார்கள். மேலே சொன்ன அமெரிக்கக் கருவியில் தலையின் வெளி விட்டம் 1.414 அங்குலம்; 36 மி.மீ. மட்டுமே. அதற்குள் அடங்கும் லென்சின் பயன்படு விட்டம் 24 மி.மீ. என்று கணக்குக்காகக் கொள்வோம். 6 மடங்கு உருப்பெருக்கத்தில் கண்ணருகே வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 24-ஐ 6-ஆல் வகுத்தது, அதாவது 4 மி.மீ. பகலில் நமது கண்மணி சுருங்கியிருப்பதால் இது போதும். இருட்டிலோ கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரிகிறது. 4-இன் வர்க்கம் 16. 7-இன் வர்க்கம் 49. விரிந்த கண் ஏற்கக்கூடிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கையே குழாய் தருகிறது. படலம் இல்லாத லென்சுகளின் இழப்பையும் சேர்த்தால் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இதனால் இரவில் பெரிஸ்கோப் ஏறக்குறையக் குருட்டுக் கண்ணாயிற்று. ஜெர்மானியத் தளபதிகள் பலர் இரவுத் தாக்குதலை நீரின் மேல் மிதந்தபடியே நடத்தினார்கள். மேல்தளத்தில் பொருத்தப்பட்ட பெரிய இரட்டைத் தொலைநோக்கியால் குறி பார்த்தார்கள். ஒளிந்து தாக்குவதற்கென்றே கட்டிய கப்பல், ஒளியியலின் காரணமாக வெளியே வந்து நின்று தாக்க நேர்ந்தது!

அலையும் வேகமும்

பூமி உருண்டை என்பதால், நீர்மட்டத்திலிருந்து கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே தொடுவானத்தின் தொலைவு அமையும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.6-ஆல் பெருக்குங்கள். தொடுவானம் எத்தனை கி.மீ. தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். அரை மீட்டர் உயரத்தில் நீட்டிய பெரிஸ்கோப்புக்குத் தொடுவானம் 2.5 கி.மீ. ஒரு மீட்டர் என்றால் 3.6 கி.மீ. இரு மடங்கு தொலைவு பார்க்க நான்கு மடங்கு உயர்த்த வேண்டும். நான்கு மடங்கு உயர்த்தினால் எதிரிக்கு எளிதில் தெரிந்துவிடும். இரண்டு மீட்டர் அலை எழும் கடலில் அரை மீட்டர் உயரத்துக் கண் எதைக் காணும்? வந்து மோதும் அலையைத்தான்! அலை வடிந்த பின்னும் கண்ணாடியில் உப்பு நீர் வழிந்துகொண்டிருக்கும்.

வேகத்திலும் கட்டுப்பாடு உண்டு. காற்று வீசும்போது தந்திக் கம்பி முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். கம்பியின் பின்புறம் சுழல்கள் மாறி மாறி உருவாகி அதை அதிரச் செய்கின்றன. நீருக்குள் செல்லும் குழாய்க்கும் இதே நிலைதான். நீரோ காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. கப்பலின் வேகம் 6 நாட் அளவைத் தாண்டினால் குழாய் அதிர்ந்து காட்சி கலங்கிவிடும். 6 நாட் என்பது மணிக்கு 11 கி.மீ. நிதானமாகச் சைக்கிள் மிதிக்கும் வேகம்! அதற்கு மேல் போனால், குழாயின் பின்னே வெண்ணுரை கோடு இழுத்து, ஒளிந்திருப்பவனைக் காட்டிக் கொடுக்கும்.

குழாயைத் தடிமனாக்கினால் அதிர்வு குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் அது கப்பலின் உறுதியான உடலைத் துளைத்துக்கொண்டல்லவா உள்ளே வருகிறது? 200 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் சதுர செ.மீ. ஒன்றுக்கு ஏறக்குறைய 20 கிலோகிராம் எடை. 18 செ.மீ. விட்டமுள்ள குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 254 சதுர செ.மீ. அப்படியானால் குழாயை உள்ளே தள்ளும் விசை 5 டன்னுக்கு மேல். விட்டத்தை இரு மடங்காக்கினால் அது 20 டன்னாகும். அத்துடன், குழாய் ஏறி இறங்கும் அந்தத் துளையில் நீர் கசியாமலும் காக்க வேண்டும்.

மூக்கு முளைத்த கதை

இவ்வளவு குறைகள் இருந்தும், 1943 வரை நீர்மூழ்கிகள் இரவில் மேலே வந்து மின்னேற்றம் செய்துகொண்டு தப்பி வந்தன. அந்த ஆண்டு நிலைமை மாறியது. 10 செ.மீ. அலைநீளத்தில் இயங்கும் ராடார், நேச நாட்டு விமானங்களில் பொருத்தப்பட்டது. இருட்டு இனி மறைவிடமாக இல்லை. 1943 மே மாதத்தில் மட்டும் 40-க்கும் மேற்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அழிந்தன. அவற்றின் தலைமைத் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக் கடலிலிருந்து தம் கப்பல்களை விலக்கிக்கொண்டார்.

மேலே வராமல் டீசலை ஓட்ட வழி உண்டா? டச்சுக் கடற்படை அதிகாரி விக்கர்ஸ் என்பவரின் முயற்சியால், போருக்கு முன்பே டச்சு நீர்மூழ்கிகளில் காற்றிழுக்கும் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. 1940-இல் ஹாலந்தைக் கைப்பற்றியபோது அது ஜெர்மானியரிடம் சிக்கியது. அப்போது அதைப் பெரிதாக மதிக்காதவர்கள், 1943-இல் தேடி எடுத்தார்கள். மாலுமிகள் தங்கள் பேச்சு வழக்கில் மூக்குக்குச் சொல்லும் பெயரால் அதை 'ஷ்நோர்ஷெல்' என்றழைத்தார்கள். ஆங்கிலத்தில் அது 'ஸ்நார்க்கெல்' ஆயிற்று.

அமைப்பு எளிது. ஒரு குழாய் வழியே காற்று உள்ளே வரும். மற்றொன்றின் வழியே புகை வெளியேறி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கலந்துவிடும். அலை தலையை மூடினால் நீர் புகாதபடி, உச்சியில் மிதவையால் இயங்கும் அடைப்பான் ஒன்று மூடிக்கொள்ளும். அலை விலகியதும் திறந்துகொள்ளும்.

காதைப் பிளந்த அடைப்பான்

எளிமையான அந்த அடைப்பானில்தான் துன்பம் தொடங்கியது. அடைப்பான் மூடியது டீசலுக்குத் தெரியாதே! அது தொடர்ந்து காற்றை உறிஞ்சும். எங்கிருந்து? மாலுமிகள் மூச்சு விடும் அறைகளிலிருந்து. கப்பலுக்குள் 400 கன மீட்டர் காற்று இருப்பதாகவும், எஞ்சின் நிமிடத்துக்கு 40 கன மீட்டர் இழுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரே நிமிடத்தில் காற்றழுத்தம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரமுள்ள மலைக்கு ஏறியதற்கு அது சமம்.

மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைப்பதை அனுபவித்திருப்பீர்கள். அதற்கு அரை மணிக்கு மேல் ஆகிறது. அந்த மாலுமிகள் ஒரே நிமிடத்தில் மலையேறினார்கள். அடைப்பான் திறந்ததும் ஒரு நொடியில் மலையிலிருந்து விழுந்தார்கள். இப்படி இரவெல்லாம், அலைக்கு அலை. காது வலியும் தலைவலியும் அவர்களுக்கு அன்றாடத் துணையாயின.

புகைக் குழாயும் தொல்லை தந்தது. நீருக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் புகையை வெளித்தள்ள, கூடுதலாகப் பத்தில் ஒரு பங்கு வளிமண்டல அழுத்தம் தேவை. கப்பல் இன்னும் இரண்டு மீட்டர் தாழ்ந்தால் மேலும் பத்தில் இரண்டு பங்கு. எஞ்சின் திணறும், புகை வெளியேறாமல் கப்பலுக்குள் பரவும். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமும் இல்லாத அந்த நச்சு வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை மயக்கிவிடும்.

பெரிஸ்கோப்பைப் போலவே இக்குழாயும் 6 நாட் அளவுக்கு மேல் தாங்காது, அதிர்ந்து உடைந்துவிடும். உடைந்தால் என்ன ஆகும்? 10 மீட்டர் ஆழத்தில் 25 செ.மீ. விட்டமுள்ள துளை ஒன்றின் வழியே, உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறக்குறைய 700 லிட்டர் நீர் பாயும். போருக்குப் பின், 1951 ஏப்ரலில், பிரிட்டிஷ் நீர்மூழ்கியான ஆஃப்ரே ஆங்கிலக் கால்வாயில் 75 பேருடன் மூழ்கியது. இரண்டு மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்தபோது அதன் ஸ்நார்க்கெல் முறிந்து கிடந்தது. மூழ்கியதற்கு அதுதான் காரணமா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் அந்தக் குழாய் எத்தனை உயிர்களைச் சுமந்து நின்றது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இன்னுமொரு குறை. நீருக்குள் இருக்கும் கப்பலுக்குக் காதுதான் முதன்மையான புலன். நீரில் பரவும் ஒலியைக் கேட்டே எதிரியின் வருகையை அறியும். டீசல் ஓடும் இரைச்சலில் அந்தக் காதும் செவிடாகிவிடும். எனவே அவ்வப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு உற்றுக் கேட்க வேண்டியிருந்தது. மூக்கைத் திறந்தால் காது கேட்கவில்லை. காதைத் தீட்டினால் மூச்சு விட முடியவில்லை! அமைதியான கடலில் ஸ்நார்க்கெலின் தலையையும் ராடார் காட்டிவிடும். அதைத் தவிர்க்க, ரேடியோ அலைகளை உறிஞ்சும் உறையைத் தலைக்குப் போர்த்தினார்கள்.

வெற்றியா, தோல்வியா?

போர்ப் பயணத்துக்கு ஸ்நார்க்கெலுடன் புறப்பட்ட முதல் ஏழு-சி நீர்மூழ்கி யு-264. 1944 பிப்ரவரி 19 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அதை மூழ்கடித்தன. மாலுமிகள் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. போர்க்காலத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சென்ற ஏறக்குறைய 40,000 பேரில் முக்கால் பங்கினர் திரும்பி வரவேயில்லை. அவர்கள் தாக்கிய வணிகக் கப்பல்களிலும் பல்லாயிரம் மாலுமிகள் மாண்டனர். அவர்களுள் நம் நாட்டவரும் இருந்தனர்.

ஸ்நார்க்கெல் விமானங்களிடமிருந்து ஓரளவு காத்தது. ஆனால் வேகத்தைத் தரவில்லை. நத்தையைப் போல ஊர்ந்து செல்லும் கப்பலால், விரைந்து செல்லும் கப்பல் கூட்டத்தை எட்டிப் பிடிக்க முடியவில்லை. உயிர் பிழைக்க உதவிய கருவி போரில் வெல்ல உதவவில்லை.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? பெரிஸ்கோப்பும் ஸ்நார்க்கெலும் மோசமான கருவிகள் அல்ல. அவற்றைச் செய்தவர்கள் திறமைசாலிகள். ஆனால் நீளத்தைக் கூட்டினால் காட்சி சுருங்குகிறது. லென்சைச் சேர்த்தால் ஒளி குறைகிறது. தலையை மெலிதாக்கினால் இரவு இருள்கிறது. தடிமனாக்கினால் எதிரி காண்கிறான். இயற்பியல் விதிகள் கடன் கொடுப்பதில்லை. ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பதே பொறியியலாரின் வேலை.

பின்னாளில் அணுவிசை நீர்மூழ்கிகள் வந்தன. அவற்றின் எஞ்சினுக்குக் காற்றே தேவையில்லை. 2004-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த வர்ஜீனியா நீர்மூழ்கியில், லென்சுக் குழாய்க்குப் பதிலாக மின்னணுக் கேமராக்கள் கொண்ட கம்பம் உள்ளது. காட்சி கம்பி வழியே வருவதால் உடலைத் துளைக்கும் பெரிய குழாய் வேண்டியதில்லை. டீசல் நீர்மூழ்கிகள் மட்டும் இன்றும் ஸ்நார்க்கெலை நீட்டித்தான் மூச்சு விடுகின்றன. விசாகப்பட்டினம் சென்றால், நம் கடற்படையில் 1969 முதல் 2001 வரை பணியாற்றிய ஐ.என்.எஸ். குர்சுரா என்னும் டீசல் நீர்மூழ்கியைக் கடற்கரையில் அருங்காட்சியகமாகக் காணலாம். உள்ளே நடந்து பாருங்கள். அந்தக் குறுகிய அறைகளில் நின்று, அடைப்பான் மூடிய ஒரு நிமிடத்தை எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே அகலத்தில் 30 செ.மீ., 60 செ.மீ., 120 செ.மீ. நீளமுள்ள மூன்று அட்டைப் பெரிஸ்கோப்புகள் செய்யுங்கள். எதிர்ச் சுவரில் ஒட்டிய அளவுகோலில் ஒவ்வொன்றிலும் எத்தனை செ.மீ. தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணிலிருந்து சுவர் வரை ஒளி கடக்கும் தொலைவு மூன்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

2. பெரிஸ்கோப்பின் மேல் கண்ணாடியை மட்டும் பின்புறம் நோக்கித் திருப்பி வைத்தால் காட்சி எப்படித் தெரியும்? முதலில் ஒளிக்கதிர்ப் படம் வரைந்து விடை கூறுங்கள். பிறகு செய்து சரி பாருங்கள்.

3. 25 மீட்டர் உயரமுள்ள பாய்மர உச்சி, ஒரு மீட்டர் உயரத்திலுள்ள பெரிஸ்கோப்புக்கு அதிகபட்சம் எத்தனை கி.மீ. தொலைவில் தெரியும்? (குறிப்பு: இரண்டு தொடுவானத் தொலைவுகளையும் கூட்டுங்கள்.) 21.6 என்று விடை வந்தால் உங்கள் கணக்குச் சரி.